பழுதும் பழுதின் காரணமும்



ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், எங்கள் பேராசிரியர் ஒருவர் ஓர் அறிவுரையை அடிக்கடி கூறுவார். மாணவன் தவறான விடை எழுதினால், உடனே சிவப்பு மையால் அதை அடித்துச் சரியான விடையை எழுதிவிடாதீர்கள். எந்த வழியாக அவன் அந்தத் தவற்றுக்கு வந்து சேர்ந்தான் என்று முதலில் பாருங்கள் என்பார். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கும் பௌதிகமும் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் அந்த அறிவுரையின் முழுப் பொருளையும் வகுப்பறையில் நான் அறிந்துகொண்டேன் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்க நாட்டில், சிக்காகோ நகரின் புறநகர் ஒன்றில், என் மகள் வீட்டு நிலவறையில், துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றின் முன் முழந்தாளிட்டு உட்கார்ந்தபோதுதான் அது எனக்கு நன்றாக விளங்கிற்று. அந்தக் கதையையும் அதனுள் அடங்கிய விஞ்ஞானத்தையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

துணி உலர்த்துவதற்கு இயந்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். சனவரி மாதத்தில் ஒரு நாள், வீட்டுக் கொல்லையில் கொடி கட்டி என் வேட்டியை உலர்த்தினேன். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால், அது பலகைபோல் விறைத்து நின்றது. என் பேத்தி அதைத் தட்டிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே கிடக்கும் அந்த மாதங்களில், வீட்டுக்குள்ளேதான் துணியை உலர்த்தியாக வேண்டும்.

துணி உலர்வதற்கு மூன்று வேண்டும்: வெப்பம், ஓடும் காற்று, ஈரக்காற்று வெளியேற ஒரு வழி. நம் ஊரில் இம்மூன்றையும் சூரியனும் காற்றும் இலவசமாகத் தந்துவிடுகின்றன. இவற்றுள் வெப்பம் எத்துணை வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோகிராம் தண்ணீரை 20 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்க ஏறக்குறைய 335 கிலோஜூல் போதும். அதே தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையில் ஆவியாக்கவோ ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது ஏழு மடங்கு. உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது இதைத்தான். இவ்வளவு வெப்பத்தையும் மின்சாரத்தால் பெறும் உலர்த்திகளும் உண்டு. அவற்றுக்கு அந்நாட்டில் 240 வோல்ட் மின்னிணைப்பு வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை வாயுவை எரித்து வெப்பம் பெறும் உலர்த்திகளும் உண்டு. இவற்றில் உருளையைச் சுழற்றவும் மற்ற உறுப்புகளை இயக்கவும் மட்டுமே மின்சாரம் தேவை. அதற்குச் சாதாரணமான 120 வோல்ட் போதும். என் மகள் வீட்டில் இருந்தது இந்த இரண்டாம் வகை. வீட்டை வாங்கியபோதே வீட்டோடு சேர்ந்து வந்த பழைய இயந்திரம் அது.

ஒருநாள் இரவு அது வேலைநிறுத்தம் செய்தது. அதிலும் முழு வேலைநிறுத்தம் அன்று. முதலில் போட்ட துணி நன்றாகக் காய்ந்தது. அடுத்துப் போட்ட துணி, ஒரு மணி நேரம் சுழன்ற பின்னும் ஈரமாகவே இருந்தது. வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. நாள்தோறும் மூட்டை மூட்டையாகத் துணி சேரும். பழுது பார்ப்பவர் வர ஐந்து நாள் ஆகும் என்று செய்தி வந்தது.

"மாமா, பேசாமல் புதியது ஒன்று வாங்கிவிடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"வாங்கலாம், மாப்பிள்ளை. அதற்கு முன்னால் இதற்கு என்ன நோய் என்று பார்த்துவிடுவோமே" என்றேன்.

திருவள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை இயந்திரத்துக்கும் பொருந்தும். நோய் இன்னதென்று தெளிந்து, அது எதனால் வந்ததென்று ஆராய்ந்து, அதன்பின்தான் மருந்தைப் பற்றி எண்ண வேண்டும். இத்தகைய இயந்திரங்களின் உள்ளே, மின்சுற்றின் வரைபடத்தை மடித்துச் செருகி வைத்திருப்பது வழக்கம். நான் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாலைப்பொழுதுகள் பாடம் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துணியைத் தாங்கிச் சுழலும் பெரிய உருளை ஒன்று. அதன் கீழே ஒரு பர்னர். காற்றை இழுக்க ஒரு விசிறி. காற்றானது சுடரைக் கடந்து சூடேறி, உருளைக்குள் புகுந்து, துணியின் ஈரத்தை வாரிக்கொண்டு, பஞ்சுத்தூசியைப் பிடிக்கும் வலையைத் தாண்டி, நான்கு அங்குலக் குழாய் ஒன்றின் வழியே வீட்டுக்கு வெளியே போகிறது. சுடரில் பிறந்த புகையும் அதே குழாய் வழியாகத்தான் வெளியேறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது தேவைப்படும்.

இனிச் சுடர் மூளும் விதத்தைப் பாருங்கள். வாயு வரும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வால்வுகள் உண்டு. ஒவ்வொன்றையும் திறப்பது கம்பிச் சுருளால் ஆன ஒரு மின்காந்தம். பர்னரின் வாயருகே சிலிகன் கார்பைடு என்னும் பொருளால் ஆன சிறு தண்டு ஒன்று இருக்கிறது. அதுதான் தீக்குச்சியின் வேலையைச் செய்வது. அதன் பக்கத்திலேயே சுடரின் வெப்பத்தை உணரும் உறுப்பு ஒன்று. அதைச் சுடருணர்வி என்போம்.

இயந்திரத்தை முடுக்கியதும் மின்சாரம் தண்டுக்கும் முதல் வால்வுக்கும் பாய்கிறது. ஒரு நிமிடத்துக்குள் தண்டு 1,000 பாகைக்கு மேல் சூடேறிப் பொன்னிறமாக ஒளிர்கிறது. அதுவரை இரண்டாம் வால்வு மூடியே கிடக்கும். தண்டின் வெம்மை உறைத்ததும் சுடருணர்வி தன் தொடர்பைத் துண்டிக்கிறது. உடனே மின்சாரம் தண்டை விட்டு இரண்டாம் வால்வின் சுருளுக்குப் போகிறது, வால்வு திறக்கிறது, பாய்ந்து வரும் வாயு, இன்னும் ஒளி மங்காத தண்டின்மேல் பட்டுப் பற்றிக்கொள்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் சுடர் மூளாவிட்டால், உணர்வி சிறிது நேரத்தில் குளிர்ந்து, இரண்டாம் வால்வை மூடச் செய்து, தண்டை மறுபடியும் சூடாக்கத் தொடங்கும். நெருப்பு ஆயத்தமாகாத இடத்துக்கு வாயுவை அனுப்பக்கூடாது என்னும் விதியை, மனிதர் கண்காணிப்பின்றியே இந்த எளிய அமைப்பு காத்துவருகிறது. இதை முதன்முதலில் எண்ணிய அறிவை நான் மனத்துக்குள் வணங்கினேன்.

இந்த ஒழுங்கு தெரிந்துவிட்டால், பழுது தானே பேசத் தொடங்கும். தண்டு ஒளிரவே இல்லையா? தண்டு உடைந்திருக்கலாம், அல்லது அதற்கு மின்சாரம் வரும் பாதை எங்கோ அறுந்திருக்கலாம். தண்டு ஒளிர்ந்து, அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறதா? சுடருணர்வி தன் தொடர்பைத் துண்டிக்கவில்லை என்று பொருள். தண்டு ஒளிர்ந்து, அணைந்து, அதன் பின்னும் சுடர் வரவில்லையா? அப்போது தண்டும் நலம், உணர்வியும் நலம். ஒன்று வாயு வரவில்லை, அல்லது வால்வு திறக்கவில்லை.

என் பேத்திக்கு வயது பதினொன்று. அவளைக் குறிப்பேடும் கடிகாரமுமாக என் பக்கத்தில் அமர்த்திக்கொண்டேன். உருளை சுழல்கிறதா? சுழல்கிறது. எனவே மின்சாரம், கதவின் விசை, மோட்டார், பட்டை ஆகியவை குற்றமற்றவை. சமையலறை அடுப்பு நன்றாக எரிகிறதா? எரிகிறது. எனவே வீட்டுக்கு வாயு வருகிறது. உலர்த்திக்குச் செல்லும் குழாயின் கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருக்கிறதா? இருக்கிறது. எனவே பாதை திறந்திருக்கிறது. வெளிச்சுவரில் காற்று வெளியேறும் மூடி நன்றாகத் திறக்கிறதா? பனியில் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "கொஞ்சந்தான் திறக்கிறது, தாத்தா" என்றாள். அதையும் எழுதச் சொன்னேன். ஆனால் அப்போது அதன் பொருளை நான் ஆராயவில்லை.

முன்பலகையின் அடியில் சுடரைப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு துளை இருந்தது. அதன் வழியே பார்த்தோம். தண்டு ஒளிர்ந்தது, 'டக்' என்ற ஓசை, நீலச் சுடர் இரைந்து எழுந்தது. சில நிமிடங்களில் வேண்டிய சூடு ஏறியதும் முறைப்படி அணைந்தது. மீண்டும் தண்டு ஒளிர்ந்தது, மங்கியது, சுடர் எழுந்தது. மூன்றாம் முறையும் தண்டு ஒளிர்ந்து மங்கியது, சுடர் வரவில்லை. நான்காம் முறை, ஐந்தாம் முறை, அதே கதைதான். பேத்தி தன் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்தாள். "தாத்தா, குளிர்ந்திருக்கும்போது வேலை செய்கிறது, சூடானபின் செய்ய மாட்டேன் என்கிறது" என்றாள். நோய் இன்னதென்று தெளிந்துவிட்டது.

வால்வின் சுருளில் மயிரிழை போன்ற முறிவு ஒன்று இருந்தால், குளிர்ந்த நிலையில் அதன் முனைகள் ஒட்டியிருக்கும், மின்சாரம் பாயும். சூடேறிச் சுருள் விரிந்ததும் முனைகள் பிரியும், மின்சாரம் நின்றுவிடும். இயந்திரத்தை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் மல்டிமீட்டரால் அளந்தோம். ஒரு சுருளில் மின்னோட்டத்துக்குத் தொடர்பே இல்லை. அரைமணி ஆறவிட்டு அளந்தோம். அதே சுருள் ஏறக்குறைய 1,300 ஓம் காட்டி, தான் முழு நலத்தோடு இருப்பதாகச் சாதித்தது! வகுப்பில் கேட்டால் ஒப்பித்து, தேர்வு மண்டபத்தின் சூட்டில் மறந்துபோகும் மாணவனைப் போன்றது அது. எந்த நிலையில் தவறுகிறதோ அந்த நிலையிலேயே சோதித்துப் பார்க்காவிட்டால், சோதனையே நம்மை ஏமாற்றிவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வாயு செல்லும் குழாய்களையும் இணைப்புகளையும் பயிற்சி பெற்றவர் தவிர வேறு எவரும் கழற்றக் கூடாது. நான் மாற்ற வேண்டியிருந்த சுருள்கள் வால்வின் வெளிப்புறத்தில், இரண்டு திருகாணிகள் பிடித்த ஒரு தகட்டின் கீழ் அமர்ந்திருந்தன. அவற்றை மாற்ற வாயுப்பாதையைத் திறக்கவேண்டியதில்லை. திறக்கவேண்டியிருந்தால் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன். பலகையைக் கழற்றுமுன் மின்செருகியைப் பிடுங்கி வைத்தேன். வாயுவின் கைப்பிடியையும் மூடினேன்.

இயற்கை வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள், டெக்சாசு மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக் கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கியிருந்த வாயு, ஒரு மின்விசையின் பொறியால் வெடித்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். கசிவு இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனெனில் மணம் இல்லை. அவ்வாண்டிலேயே, வாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்கவேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது. பிற இடங்களும் அம்முறையை மேற்கொண்டன. நம் வீட்டு எரிவாயு உருளையில் கசிவு ஏற்பட்டால் மூக்கைத் துளைக்கும் நாற்றமும் இவ்வாறு கலக்கப்பட்டதே. ஒரு வேறுபாட்டை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்: குழாயில் வரும் இயற்கை வாயு காற்றினும் இலேசானது, மேலே எழும், நம் உருளை வாயு காற்றினும் கனமானது, தரையில் படியும். எதுவாயினும், நாற்றம் வந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்து பிறகுதான் பிறரை அழைக்க வேண்டும். அந்த நாற்றம் முந்நூறு உயிர்களின் விலையில் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை.

இனிக் கதையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். புதிய சுருள்கள் சில டாலர் விலையில் கிடைத்தன. பொருத்துவதற்காகக் கீழ்ப்பலகையைக் கழற்றினேன். உள்ளே விரல் கனத்துக்குப் பஞ்சுத்தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்துக்கொண்டே வந்தபோது, விசிறிக் கூட்டின்மேல், கறுப்பு நாடா சுற்றிய ஒரு முடிச்சு தென்பட்டது. வரைபடத்தின்படி அந்த இடத்தில் வெப்ப உருகி ஒன்று இருக்கவேண்டும். வெளியேறும் காற்று ஏறக்குறைய 90 பாகைக்குமேல் சூடேறினால் அது அறுந்து, சுடர் மூளாதபடி தடுத்துவிடும். ஒருமுறை அறுந்தால் மீண்டும் சேராது. இங்கே அந்த உருகியைக் காணோம். அதன் இரு பக்கத்துக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, நாடா சுற்றி வைத்திருந்தார்கள். என்றோ அது அறுந்திருக்கிறது. ஏன் அறுந்தது என்று கேளாமல், யாரோ அதன் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பேத்தியின் குறிப்பேட்டில் நான் பொருட்படுத்தாமல் விட்ட வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது: மூடி கொஞ்சந்தான் திறக்கிறது. இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்தோம். காற்று வெளியேறும் குழாய், கடினமான உலோகக் குழாயாக இருப்பதற்குப் பதிலாக மெல்லிய தகட்டுக் குழாயாக இருந்தது. சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே அது நசுங்கி, மடிப்பில் பஞ்சுத்தூசி திணிந்து, முக்கால் பங்கு அடைபட்டிருந்தது. காற்று ஓடாவிட்டால் உள்ளே சூடு மிகும். பஞ்சுத்தூசியோ எளிதில் தீப்பற்றும். புகையும் அவ்வழியேதான் போகவேண்டும் என்று முன்னே சொன்னேன் அல்லவா? அடைபட்டால் அது வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சும் கலந்திருக்கலாம். 2008 முதல் 2010 வரையிலான காலத்துக்கு அமெரிக்கத் தீயணைப்பு நிருவாகம் எடுத்த கணக்கின்படி, துணி உலர்த்திகளால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 வீட்டுத் தீவிபத்துகள் நேர்ந்தன. தூய்மை செய்யத் தவறியதே காரணங்களுள் முதன்மையானது. அந்த நிலவறைக்கு நேர்மேலே குழந்தைகள் உறங்கும் அறை.

சுருள்களை மாற்றினேன், குழாயிலிருந்த தூசியையும் அகற்றினோம். மணி இரவு பத்து. "மாமா, வந்த பழுது தீர்ந்துவிட்டது. அந்த முடிச்சு இத்தனை ஆண்டுகள் இருந்ததுதானே? உருகி வந்து சேர நான்கு நாள் ஆகும். அதுவரை ஓட்டிக்கொள்ளலாமே?" என்றார் மாப்பிள்ளை. அவர் கேட்டதில் வியப்பில்லை. மேலே குழந்தை அழுதுகொண்டிருந்தது. மாற்றுத் துணி இல்லை.

நான் அவருக்கு என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பள்ளியைப் பார்வையிட மேலதிகாரி வரும் நாள். ஆய்வுக்கூடத்தில் ப்யூஸ் கம்பி மூன்று முறை அறுந்துவிட்டது. அவமானத்துக்கு அஞ்சி, நான் அதில் தடித்த செப்புக் கம்பி ஒன்றை முறுக்கிவைத்தேன். பாடம் சிறப்பாக நடந்தது, பாராட்டும் பெற்றேன். மூன்றாம் நாள் காலை, சுவரோரத்து மரப்பட்டிக்குள் கம்பிகள் கருகிப் புகையத் தொடங்கின. ஆய்வுக்கூட ஏவலர் கண்டு மெயின் விசையை இழுத்து நிறுத்தினார். அடுத்த பாடவேளைக்கு அங்கே நாற்பது பிள்ளைகள் வந்து உட்கார இருந்தார்கள். சுவரில் மழைநீர் கசிந்து கம்பியின் உறை கெட்டிருந்தது. ப்யூஸ் மூன்று முறை சொன்ன செய்தி அதுதான். பௌதிகம் கற்பித்த நானே அதைக் கேட்க மறுத்துவிட்டேன். இதை அதுவரை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கயிறு ஒன்றைத் தேடி எடுத்துவந்து, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டினார். நான்கு நாட்கள் அந்த வீட்டுக் கூடம் நம் ஊர் ஆற்றங்கரை போலக் காட்சியளித்தது. ஐந்தாம் நாள், பழுது பார்ப்பவரும் வந்தார். கடினமான உலோகக் குழாயைப் பொருத்தி, வாயு இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழவில்லை என்று காட்டினார். வந்துசேர்ந்த உருகியை அதற்குரிய இடத்தில் அவரே அமைத்தார். வெளிச்சுவரின் மூடி இப்போது முழுவதும் திறந்து, வெண்ணிற ஆவி பனிக்காற்றில் எழுந்ததைப் பேத்தி எனக்குக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மாணவர்களே, அந்த இயந்திரத்தில் இரண்டு பழுதுகள் இருந்தன. ஒன்று, துணி காயவில்லை என்று நமக்கு அறிவித்தது. அது சிறியது, யாருக்கும் தீங்கு செய்யாதது. மற்றொன்று, துணி நன்றாகக் காய்ந்த நாட்களிலெல்லாம் உள்ளே மறைந்திருந்தது; அதுவே உயிருக்கு உலை வைப்பது. சிறிய பழுது நேர்ந்திராவிட்டால், பெரிய பழுதை நாங்கள் கண்டிருக்கவே மாட்டோம். வகுப்பிலும் அப்படித்தான். "எனக்குப் புரியவில்லை" என்று எழுந்து சொல்லும் மாணவனைப் பற்றி ஆசிரியன் கவலைப்பட வேண்டியதில்லை. பக்கத்திலிருப்பவன் ஏட்டைப் பார்த்து எழுதி, எல்லாம் சரியென்று தலையாட்டும் மாணவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

உங்கள் வீட்டில் ப்யூஸ் போனாலும், அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாக மாறினாலும், உங்கள் கணக்கில் ஒரே வகைத் தவறு மீண்டும் மீண்டும் வந்தாலும், அதை உடனே மறைத்துவிட முயலாதீர்கள். ஏன் வந்தது என்று ஒரு முறை கேளுங்கள். விடை கிடைக்கும்வரை, கொடி கட்டித் துணி உலர்த்தும் சிறு தொல்லையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.